சுமாரான காற்றில் ஆடிய பாலம்

1. பதினோரு மணி போன்

"மேடம், பாலம் மூச்சு விடுதுங்க" என்று செல்வி போனில் சொன்னபோது, நான் ஒரு சாயப்பட்டறையின் தண்ணீர்த் தொட்டிக்குக் கம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டட டிசைன் வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. விரிசல், ஒழுகல், சாய்வு, இறக்கம் என்று எல்லாப் புகாரையும் கேட்டிருக்கிறேன். மூச்சு விடுகிறது என்று யாரும் சொன்னதில்லை.

"எப்படி மூச்சு விடுது செல்வி?"

"மேல போகுது, கீழ வருதுங்க. நெஞ்சு மேல கைய வெச்சாப்புல இருக்குதுங்க."

செல்வி திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. ஒரு லட்சம் டி-ஷர்ட்டில் ஒரு ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. கையிலிருந்த கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பாலம் நான் டிசைன் செய்தது. கம்பெனிக்கு ஓடையின் இந்தப் பக்கம் கட்டிங்கும் தையலும், அந்தப் பக்கம் செக்கிங்கும் பேக்கிங்கும். ரோடு வழியாகச் சுற்றிப் போனால் இரண்டரை கிலோமீட்டர். ஓடைக்குள் தூண் நிறுத்த அனுமதி கிடையாது. அதனால் இரண்டு கரையிலும் இரும்புக் கோபுரம் நிறுத்தி, நடுவில் கேபிளில் தொங்கும் நடைபாலம் போட்டோம். அறுபத்திரண்டு மீட்டர் நீளம், ஆறடி அகலம். தைத்த பனியன் பீஸ் ஏற்றிய டிராலியும் ஆட்களும் போய்வர வேண்டும், அவ்வளவுதான். பெரிய ஆறுகளுக்கும் கடலுக்கும் குறுக்கே பாலம் கட்டுகிறவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் இதுதான் நீளப் பாலம். திறந்த அன்று முதலாளி நல்லசாமி எனக்கு ஒரு பட்டுச்சேலை வைத்துக் கொடுத்தார். நானும் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

நான் போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணி. ஆனி மாதக் காற்று, பாலக்காட்டுப் பக்கமிருந்து வருவது, ஆளைத் தள்ளியது. செருப்பைக் கழற்றினால் அடுத்த காம்பவுண்டில் போய்த்தான் பொறுக்க வேண்டும். பாலமோ கல் மாதிரி நின்றது. நடுவில் போய் நின்றேன், குதித்தேன், கைப்பிடியைப் பிடித்து உலுக்கினேன். ஒன்றும் இல்லை.

நல்லசாமி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அறுபத்தைந்து வயதிலும் காலையில் தோட்டத்தைப் பார்த்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் கம்பெனிக்கு வருவார்.

"ஏனுங்க அம்மிணி, இத்தனை காத்துக்கே ஆடல. இந்தப் புள்ளைங்க சும்மா பயந்துக்குதுங்க" என்றார்.

செல்வி என்னைத்தான் பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதால் நான் ஒன்று சொன்னேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது.

2. கால் மாற்றி நடக்கும் படலம்

நான் சொன்னது இதுதான்: டீ இடைவேளைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பாலத்தில் ஏறுகிறார்கள். கூட்டமாக நடக்கும்போது கால்கள் தம்மை அறியாமல் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அந்தத் தாளம் பாலத்தின் தாளத்தோடு சேர்ந்தால் பாலம் ஆடும். இது நடக்கக்கூடியதுதான். உலகத்தில் சில நடைபாலங்களில் நடந்தும் இருக்கிறது. ஆகவே ஒரு நேரத்தில் பத்துப் பேர், யாரும் கால் சேர்த்து நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த இரண்டு நாள் அந்தக் கம்பெனியில் நடந்ததைச் செல்வி பின்னால் சொல்லக் கேட்டேன். வாட்ச்மேன் விசிலோடு பாலத்தின் முனையில் நின்று பத்துப் பத்தாக எண்ணி விட்டிருக்கிறார். பெண்கள் முன்னால் போகிறவள் காலைப் பார்த்து, அவள் வலது வைத்தால் இவள் இடது வைப்பது என்று நடந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் தடுக்கி விழுந்தார்கள். ஒருத்தி நாட்டியம் மாதிரி ஒரு நடையைக் கண்டுபிடிக்க, அதை மொபைலில் எடுத்து, பாட்டுச் சேர்த்து, கம்பெனி முழுக்க அனுப்பிவிட்டார்கள். "சுமதி மேடம் ஸ்டெப்" என்று அதற்கு என் பெயரையே வைத்திருந்தார்கள். எனக்கும் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையிலேயே போனேன். பத்தே முக்கால் இருக்கும். காற்று சுமாராக அடித்தது. டீ மணி இன்னும் அடிக்கவில்லை. பாலத்தில் ஒரு ஆள் கிடையாது. நடுப்பாலத்தில் கம்பெனி நாய் ஒன்று படுத்திருந்தது.

பாலம் மூச்சு விட ஆரம்பித்தது.

முதலில் என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கத்துக் கைப்பிடி கம்பெனிச் சுவரின் நீலக் கோட்டுக்கு மேலே போவதும் கீழே வருவதும் தெளிவாகத் தெரிந்தது. அவசரமே இல்லாமல், ஒரே சீராக, ஒரு சாண் மேலே, ஒரு சாண் கீழே. நாய் எழுந்து நின்றது. நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு யோசித்தது. பிறகு கரைக்கு நடந்து வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அது கால் சேர்த்து நடந்ததாகச் சொல்ல முடியாது.

ஆட்டம் அடங்கியதும் பாலத்தில் ஏறி ஒவ்வொரு தொங்கு கம்பியாகப் பார்த்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு நட்டு கழன்று தளத்தில் கிடந்தது. அதற்கு இரண்டு கம்பி தள்ளி, அடியில் வெல்டிங் போட்ட இடத்தில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால், அடியில் இரும்பிலும் வெடிப்பு. இரும்பை ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான முறை வளைத்தால், எவ்வளவு கொஞ்சமாக வளைத்தாலும், ஒரு நாள் களைத்துப்போகும். இந்தப் பாலத்தில் தினம் முந்நூறு பேர் நடக்கிறார்கள்.

அங்கேயே வாட்ச்மேனைக் கூப்பிட்டு இரண்டு முனையிலும் சங்கிலி போடச் சொன்னேன். அப்போதுதான் டீ மணி அடித்தது.

3. சந்தன் சொன்ன கணக்கு

பாலத்தை மூடினால் முதலில் வேலை கூடுவது டிராலி ஆட்களுக்கு. அதில் சந்தன் என்று ஒருவர். பீகார்க்காரர், நாற்பது வயது இருக்கும், திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடம். தமிழைத் தையல் ஹாலில் கற்றுக்கொண்டதால் எதைச் சொன்னாலும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார். இந்திக்கும் போடுவார்.

டெம்போவில் பீஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்றேங்க. பெரிய காத்து, பாலம் சும்மாங்க. சின்ன காத்து, பாலம் டான்ஸுங்க. அதோ, அந்தக் காத்தாடி பாருங்க."

பல்லடம் பக்கம் வானத்தில் நின்ற காற்றாலைகளைக் காட்டினார். காத்தாடி மெதுவாகச் சுற்றினால் பாலம் ஆடும், வேகமாகச் சுற்றினால் ஆடாது, நின்றுவிட்டாலும் ஆடாது என்றார். ஒரு மாதமாகப் பார்த்திருக்கிறார். அதை வைத்துத்தான் எப்போது டிராலி தள்ளுவது என்று முடிவு செய்வாராம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலீங்க" என்றார்.

அந்த இடத்தில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. முதலாளி வருவது மத்தியானம். நான் முதல் நாள் போனதும் மத்தியானம். அந்த நேரத்தில் காற்று பலமாகிவிடும், பாலம் நின்றுவிடும். பதினோரு மணிக்குக் கடக்கிறவர்களுக்குத்தான் அது ஆடும். பொய் சொன்னவர் யாரும் இல்லை.

என் சித்தப்பா மகன் காற்றாலை பராமரிப்பில் இருக்கிறான். அவனிடம் கையில் பிடிக்கிற காற்று மீட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். காற்று எப்படிப் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். பெரிய ஊர்களில் பாலத்தைப் போலச் சின்னதாக ஒன்று செய்து, காற்றை ஊதிவிடும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, நூல் ஒட்டிப் பார்ப்பார்கள். நூலுக்குத் திருப்பூரில் பஞ்சமா? செல்வி ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவரச் சொன்னாள். சிவப்பு பனியன் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, பாலத்தின் முனையிலிருந்து கைக்கு எட்டிய தூரம் வரை, விளிம்பின் மேலேயும் கீழேயும் கட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாத் தோரணம் மாதிரி இருந்தது.

மறுநாள் பத்தரை மணிக்குக் காத்தாடி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. செல்வி, சந்தன், நான், மூன்று பேரும் கரையில் நின்றோம். மீட்டர் வினாடிக்கு ஏழு மீட்டரைத் தொட்டபோது, காற்று வெளியேறுகிற பக்கத்தில் மேல் வரிசைத் துணிகள் ஒரு சுழற்று சுழன்றன. பிறகு கீழ் வரிசை. பிறகு மேல். பிறகு கீழ். பாலம் அதே தாளத்தில் எழுந்து இறங்கியது. நான் சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள், தாளம் எண்ணுவதில் தப்பு வராது. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று ஒரு தட்டையான தடுப்பில் மோதினால் நேராகக் கடந்து போகாது. மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி என்று மாற்றி மாற்றி விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு சுழியும் தடுப்பைக் கொஞ்சம் இழுக்கும். காற்றின் வேகமும் தடுப்பின் உயரமும் சேர்ந்து, நிமிடத்துக்கு எத்தனை சுழி என்பதை முடிவு செய்யும். அந்த எண்ணிக்கையும் பாலத்தின் சொந்தத் தாளமும் ஒன்றானால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான். அப்புறம் இன்னொன்றும் நடக்கும். ஆடத் தொடங்கிய பாலம், தன் ஆட்டத்துக்கு ஏற்றபடி சுழிகளையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விடாது. ரொம்பக் கூடினால்தான் பிடி விட்டுப்போகும். பெரிய காற்றில் பாலம் சும்மா நின்றதற்குக் காரணம் அதுதான்.

அங்கேயே ஒரு அட்டைப்பெட்டியின் முதுகில் கணக்கைப் போட்டேன். தாளம் நாற்பத்திரண்டு, காற்று ஏழு. அப்படியானால் தடுப்பின் உயரம் நான்கு அடி இருக்க வேண்டும்.

நான் வரைந்த பாலத்தின் விளிம்பு அரை அடிக்குக் கொஞ்சம் கூடுதல். பக்கவாட்டில் வெறும் கம்பிக் கைப்பிடி, காற்று ஊடே போய்விடும். நான்கு அடிக்கு அங்கே இருந்தது ஒன்றுதான். பங்குனியில் முதலாளி இரண்டு பக்கமும் அடைத்த தகர ஷீட்டு. டிராலியிலிருந்து பீஸ் பறக்கக் கூடாது என்பதற்காகவும், கம்பெனிப் பெயரை ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி எழுதுவதற்காகவும்.

அடைப்பதற்கு முன் அவர் எனக்குப் போன் செய்து கேட்டார். நான் ஷீட்டின் எடையைக் கூட்டிப் பார்த்தேன், காற்று தள்ளும் விசையைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தது. தாராளமா போடுங்க, ஒண்ணும் ஆகாது என்று சொன்னேன். பாலத்தின் வடிவமே மாறுகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. கல்லூரியில், பக்கவாட்டை அடைத்துக் கட்டிய ஒரு பெரிய பாலம் காற்றில் ஆடி விழுந்த கதையை எங்களுக்கு ஒரு மணி நேரம் பாடமாகவே நடத்தியிருந்தார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

4. முதலாளியின் அறை

சனிக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். திங்கட்கிழமை பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் சார்பில் ஆடிட் செய்ய ஒரு அம்மா பெங்களூரிலிருந்து வருகிறார். கட்டடப் பாதுகாப்பு முதல் கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாள் வரை பார்ப்பார்கள். அது சரியாக அமைந்தால்தான் அடுத்த சீசன் ஆர்டர். அதனால் அறையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு, நடந்ததை முழுவதும் சொன்னேன். சந்தன் சொன்னதையும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்:

"அப்ப தகரம் போடலாம்னு அன்னிக்குச் சொன்னது யாருங்க?"

"நாந்தானுங்க."

"சரியாப் பாத்துத்தான சொன்னீங்க?"

"எடையப் பாத்தேன். காத்து தள்றதப் பாத்தேன். ஆட்டத்தப் பாக்கல. தப்பு என்னோடதுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, தப்பு யாருடையதாக இருந்தாலும் திங்கட்கிழமை வரை ஷீட்டும் பெயரும் இருக்கட்டும், அந்த அம்மாவைப் பாலத்தில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும், போன தடவை வந்தபோது பாலம் வரப்போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம், செவ்வாய்க்கிழமை கழற்றிக்கொள்ளலாம் என்றார்.

முடியாது என்றேன்.

"ஒரே ஒரு நாளுங்க அம்மிணி. அஞ்சு நிமிசம் நடக்கறது. நான் நின்னு பாத்தப்ப ஒரு நாளும் ஆடலையே."

வெல்டிங்கில் வெடிப்பு இருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். அவர் கேட்கமாட்டார் என்று நினைத்தே ஒரு கடிதம் டைப் செய்து கொண்டு போயிருந்தேன். இந்தப் பாலம் பழுது பார்க்கும் வரை யாரும் நடக்கத் தகுதியற்றது, டிசைன் செய்த நான் சொல்கிறேன், காரணம் நான் ஒப்புக்கொண்ட பக்கவாட்டு அடைப்பு. கீழே கையெழுத்து. அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காபி வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்தபோது செல்வி நின்றிருந்தாள். காதில் விழுந்திருக்கிறது. "சங்கிலிய எடுத்தாலும் நாங்க ஏறமாட்டமுங்க மேடம்" என்றாள். அது எனக்குத் தைரியமாக இருந்தது. ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. பத்து வருட வாடிக்கையாளர் அவர். அவர் சொல்லித்தான் பாதித் திருப்பூர் என்னிடம் வந்தது.

5. திங்கட்கிழமை

என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் போனேன். வாட்ச்மேனுக்கு என்னைத் தடுப்பதா கூடாதா என்று தெரியவில்லை. வணக்கம் வைத்தார், நான் உள்ளே போய்விட்டேன்.

பதினோரு மணிக்கு முதலாளி அந்த அம்மாவோடு பாலத்தின் முனைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பின்னால் மேனேஜர்கள் ஐந்தாறு பேர். சங்கிலி கழற்றப்பட்டிருந்தது. ஷீட்டில் கம்பெனிப் பெயரைத் துடைத்து வைத்திருந்தார்கள், மின்னியது. எங்கள் சிவப்புத் துணிகளை அவிழ்க்க மறந்திருந்தார்கள். அந்த அம்மா அது வரவேற்பு அலங்காரம் என்று நினைத்து, அழகாக இருக்கிறது என்றார்.

நான் ஓடிப் போய்க் குறுக்கே நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். சொல்ல வேண்டிய வாசகத்தைக்கூட ஆங்கிலத்தில் தயார் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. முதலாளி ஒரு காலைப் பாலத்தில் வைத்ததும், பாலம் அவர் காலடியில் மெதுவாக எழுந்தது.

அவர் காலை எடுத்துவிட்டார். அதை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. நடுப்பாலம் ஒரு சாண் ஏறி இறங்கியது, பிறகு ஒன்றரைச் சாண். கம்பெனிப் பெயரின் முதல் எழுத்து மேலே போகும்போது நடு எழுத்து கீழே போனது. துணிகள் மாறி மாறிச் சுழன்றன. ஒரு கேபிள் முனகியது. அந்த அம்மா, இது வழக்கமாக நடப்பதா என்று கேட்டார்.

மேனேஜர்களில் ஒருவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையைத் தடவினார். புதுச் சட்டைக்கு அந்தக் கடிதத்தை ஏன் மாற்றி வைத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பிரித்து அவரே அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"இத மொதல்ல படிங்கம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மிணி, நீங்க வந்து வெவரம் சொல்லுங்க. எனக்கு அந்தச் சுழி சொல்ல வராது."

இருபது நிமிடம் சொன்னேன். தப்பு என் பக்கம் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பழுது பார்த்த பிறகு திரும்ப வந்து பார்ப்பதாகவும், ஆபத்தை மறைக்காமல் காட்டியதைக் குறித்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, கக்கூஸ் தாழ்ப்பாள்களைப் பார்க்கப் போனார். அதில்தான் இரண்டு குறை கிடைத்தது.

6. ஷீட்டுகள் போன இடம்

அன்று மாலையே ஷீட்டுகளைக் கழற்றினோம். வெடித்த இடத்தை அறுத்து எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மற்ற எல்லா இணைப்பையும், வெடிப்பு இருந்தால் ஊறிக் காட்டிக்கொடுக்கும் மை தடவிச் சோதித்தோம். நட்டுகள் அனைத்துக்கும் கழலாமல் பிடிக்கும் பூட்டு நட்டு போட்டோம். டிராலியிலிருந்து பீஸ் பறக்காமலிருக்க வலை கட்டினோம், மீன் வலை போலக் காற்று ஊடே போகிற வலை.

எல்லாம் முடிந்தும் சங்கிலியை நான் எடுக்கவில்லை. ஏழு மீட்டர் காற்றில் நின்று பார்க்க வேண்டும். சொல்லி வைத்தாற்போல் இரண்டு நாள் காற்றே இல்லை. ஆனி மாதத்தில் காற்றுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் சந்தனிடமிருந்து போன் வந்தது: "மேடம், காத்தாடி மெதுவா சுத்துதுங்க. சீக்கிரம் வாங்க."

போனேன். மீட்டர் ஏழு காட்டியது. துணிகள் எல்லாம் ஒரே திசையில் நீட்டிக்கொண்டு படபடத்தன. பாலம் நின்றது. அரை மணி நேரம் பார்த்தோம். பிறகு முதலாளி, செல்வி, சந்தன், நான், நான்கு பேரும் நடந்து கடந்தோம். பாதி வழியில் முதலாளி நின்று, காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய ஷீட்டுகளைப் பொங்கலூர்த் தோட்டத்தில் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஆட்கள் ஷீட்டுகளை வரிசை மாற்றி அடித்துவிட்டார்களாம், கம்பெனிப் பெயர் இப்போது படித்தால் ஏதோ வெளிநாட்டு ஊர் மாதிரி இருக்கிறதாம். மாடுகளுக்குச் சம்மதம்தான் என்றார்.

இப்போது நான் வேலையைக் குறைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். கட்டி முடித்த ஒன்றில் யாராவது எதையாவது சேர்க்கலாமா என்று கேட்டால் போனில் பதில் சொல்லக் கூடாது. எடை கூடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. உருவம் மாறுகிறதா, காற்றுக்கு அது இப்போது என்னவாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே தினமும் நடக்கிறவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள்.

போன மாதம் சோமனூரில் ஒரு தறிக்காரர் போன் செய்தார். அவர் ஷெட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் இருக்கும் நடைபாதைக்குப் பக்கவாட்டில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டலாமா என்றார். நேரில் வருகிறேன் என்று சொல்லி, பஸ் பிடித்துப் போனேன். பார்த்தால் பத்தடி நீளம், தரையிலிருந்து இரண்டு அடி உயரம், கீழே கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இதுக்கா மேடம் இத்தனை தூரம் வந்தீங்க?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றேன். மீட்டரை வெளியே எடுத்து, காற்றை அளந்து பார்த்துவிட்டு, அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.